ஒரு நூல் அகலம்

“பின் வீல் ஹப் உட்காரலைன்னா ஃபிரேமை எடைக்குப் போட்டுருங்க சார்.” மெக்கானிக் சைக்கிளின் சொந்தக்காரரிடம் இப்படிச் சொன்னது பழைய ஸ்டீல் ஃபிரேமின் காதில் விழுந்தது. சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போனார்.

பின் சக்கரத்தின் நடுவிலிருந்த புது ஹப் பணிவாகப் பேசியது. “அண்ணே, நான் உங்க பின் கால்களுக்கு நடுவுல இருக்கற இடத்தைவிட ரெண்டு நூல் அகலம். வாஷரைக் கழற்றி ஒரு நூல் குறைஞ்சுட்டேன். மீதி ஒரு நூல் நீங்க விரிஞ்சு கொடுக்கணும்.”

“நான் அசல் ஸ்டீல். வந்தவங்கதான் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்.”

“ஸ்டீலா இருக்கறதாலதானே கேக்கறேன்? அலுமினியத்துக்கிட்ட கேட்டா விரிசல் விட்டுரும்.”

“எனக்கு அளவா ஒருத்தர் வராமலா போவாங்க?”

கைப்பிடியில் இருந்த மணி சிரித்தது. “போன வாரம் அளவா ஒருத்தர் வந்தாரே! கியர் பத்தாதுன்னு நீங்கதானே வேண்டாம்னீங்க? பரவாயில்லை, எடைக்கடைக்கே போங்க. அங்க யாரும் அகலம் கேக்க மாட்டாங்க.”

வாசலில் மெக்கானிக்கின் செருப்புச் சத்தம் கேட்டது.

“பெயின்ட் உரசாம வா,” என்று ஹப்பிடம் முணுமுணுத்துவிட்டு, ஃபிரேம் தன் பின் கால்களை ஒரு நூல் அகட்டிக்கொண்டது.