மருந்தாக வந்த சாக்லேட்

மாசிலாமணி வீட்டு ஃபிரிட்ஜுக்குள் புதிதாக ஒரு சாக்லேட் வந்தது. வந்ததுமே கீழ்த்தட்டில் கிடந்த பாகற்காயிடம் ஆரம்பித்துவிட்டது.

“என்னைச் சாதாரண மிட்டாய்னு நினைச்சிடாதே. வறுக்காத கொக்கோவுல செஞ்சது. இதயத்துக்கு நல்லது, ரத்தக் கொதிப்பு அடங்கும். உறையிலேயே போட்டிருக்கு, பார்.”

“கசப்பியா?” என்று கேட்டது பாகற்காய்.

“நல்லாவே கசப்பேன். மருந்தாச்சே!”

“அப்போ நீ நம்ம ஆளு,” என்று பாகற்காய் சந்தோஷப்பட்டது.

கதவு திறந்தது. “டாக்டர் நடக்கச் சொன்னார். வெளியே ஒரே வெயில். இதையாவது சாப்பிடுவோம்,” என்று முனகிக்கொண்டே மாசிலாமணி ஒரு துண்டை உடைத்துத் தேனில் தோய்த்து வாயில் போட்டுக்கொண்டார். சாப்பாடு முடிந்ததும் வந்தார். டிவியில் விளம்பரம் போட்டபோதெல்லாம் வந்தார்.

“பார்த்தியா, மனுஷனுக்கு இதயத்து மேல எவ்வளவு அக்கறை!” என்றது சாக்லேட்.

சாயங்காலம் அதில் ஒரே ஒரு துண்டுதான் மிச்சமிருந்தது. பாகற்காய் அதை ஏற இறங்கப் பார்த்தது.

“தம்பி, நான் போன வாரமே வந்தவன். இன்னும் முழுசா கிடக்கேன், பார். மருந்துன்னா இப்படித்தான் கிடக்கும்.”