கிரியோல் கத்தரிக்காய்

மணமாகித் தீவுக்கு வந்த நாளிலிருந்து பொற்கொடிக்கு அங்கே பேசும் மொழியின் மேல்தான் பொறாமை. கோயில் வகுப்பில் கற்ற தமிழை, தீவிலேயே பிறந்த கணவன் வேலாயுதன் அவளிடம் சந்நிதியில் நிற்பவன்போல அடக்கமாகப் பேசுவான். பக்கத்து வீட்டுக்காரி ஜோசியான் வேலியோரம் வந்து தீவு மொழியான கிரியோலில் ஏதாவது சொன்னாலோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

“அப்படி என்னங்க சொன்னா?”

“சொன்னால் தமிழில் சிரிப்பு வராது.”

ஒருநாள் ஜோசியான் பொற்கொடியின் கத்தரிச்செடியைக் காட்டி, “கிரியோல்!” என்றாள்.

“இங்கேயே பிறந்து வளர்ந்தது என்றும் அந்தச் சொல்லுக்கு அர்த்தம்,” என்றான் வேலாயுதன்.

“அது எங்கம்மா முடிஞ்சு குடுத்த விதைங்க!”

செடியைப் பார்த்தே அவளுக்கு வயிறு எரிந்தது. கூட வந்த விதைகூட இந்த ஊராகிவிட்டது. அவள்தான் இன்னும் விருந்தாளி.

“நீங்கள் காய்ச்சலில் கிடந்தபோது ஜோசியான்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார்,” என்றான் அவன் மெதுவாக.

மறுநாள் காலை, காய்த்திருந்த இரண்டில் ஒன்றை முருகன் படத்தின்முன் வைத்தாள். மற்றதை வேலிக்கு மேலே நீட்டினாள். ஜோசியான் அதைத் தன் மூக்கின்மேல் ஒட்டிவைத்து, வாசலில் நின்ற வேலாயுதனைக் கண்ணால் காட்டி என்னவோ சொன்னாள். பொற்கொடி முந்தானையால் வாயைப் பொத்தியும் சிரிப்பு அடங்கவில்லை.

“என்ன சொன்னார்?” என்றான் வேலாயுதன்.

“சொன்னா தமிழ்ல சிரிப்பு வராதுங்க.”