தப்பே பண்ணாத டிரம் மெஷின்

காகம் வீட்டிலேயே பாடிப் பதிவு பண்ணும். தாளத்துக்கு மரங்கொத்தி. பாட்டு நடுவில் அது அடிக்கடி ஒரே தாளத்தைக் கூடுதலாக ஒரு சுற்று அடிக்கும்.

“மறுபடியும் தப்பு! உனக்கு எண்ணவே வராதாடா?” என்று காகம் கத்தும். மரங்கொத்தி மறுபடி முதலிலிருந்து அடிக்கத் தொடங்கும். ஒருநாள் காகம் அதைத் துரத்தியே விட்டது.

பிறகு வவ்வாலிடம் பழைய டிரம் மெஷின் ஒன்றை வாங்கப் போனது.

“ரிப்பேர் ஏதாவது இருக்கா?”

“இல்லப்பா. இது தப்பே பண்ணாது.”

“அப்புறம் ஏன் விக்கிற?”

“அதனாலதான்.”

காகம் அதைக் காதிலேயே வாங்கவில்லை. வீட்டுக்கு வந்து பட்டனை அமுக்கிப் பாடியது. இரண்டாவது சரணத்தில் வரி மறந்துபோனது. மெஷின் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டே போனது.

“கொஞ்சம் இருடா, யோசிக்கிறேன்!”

“எனக்கு இருக்கத் தெரியாது” என்றது மெஷின்.

காகம் மறுபடி பாடியது. அதே இடம், அதே மறதி. மரங்கொத்தி கூடுதலாக அடித்ததும் இங்கேதான் என்று அப்போதுதான் காகத்துக்கு உறைத்தது. நேராக மரங்கொத்தியிடம் பறந்தது.

“நான் வரியை மறந்தப்பல்லாம் எனக்காகத்தான் கூடுதலா ஒரு சுத்து அடிச்சியா? ஏன்டா சொல்லல?”

“சொல்லியிருந்தா நீ பாடுறதையே விட்டிருப்ப.”

“திரும்பி வந்துடுடா.”

“இப்ப மைனாவுக்கு அடிக்கிறேன். அதுவும் வரியை மறக்குது. என்னைத்தான் திட்டுது.”