ஆபீசருக்குப் போட்ட நாற்காலி

"அன்புச்செல்வியா? அப்படி ஆருமே இந்த வீதியில இல்லீங்களே" என்றாள் பாவாத்தாள்.

பெற்ற மகளை இல்லையென்று சொல்ல வாய் எப்படித் துணிந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் வாசலில் சைக்கிளை நிறுத்திவிட்டு நின்றவர் போலீஸ் ஏட்டு. அவர் கையில் ஒரு காகிதம், அதில் மகளின் பெயர். போன வருஷம் கோயில் நோம்பித் திருவிழாவில் நடந்த தகராறில் இப்படித்தான் ஒரு காகிதத்தோடு வந்து, இந்த வீதிப் பையன்கள் இரண்டு பேரைக் கூட்டிப் போனார்கள். அவர்கள் வீடு திரும்ப எட்டு நாள் ஆயிற்று.

அதுவும் இன்றைக்குப் பார்த்தா வர வேண்டும்?

கோயமுத்தூரில் விவசாய மேல்படிப்புப் படிக்கும் அன்புச்செல்வியை ஹாலந்து நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று தேர்ந்தெடுத்திருந்தது. அங்கிருந்து ஒரு மாணவன் இங்கே வருவான். இங்கிருந்து இவள் அங்கே போய் ஒரு வருஷம் படிப்பாள். விமானம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. 'அம்மா, புதன்கிழமை நம்ம வீட்டுக்கு ஒரு ஆபீசர் வருவாங்க. அவங்க நல்லவிதமா எழுதினாத்தான் பாஸ்போர்ட். இந்த மாசம் முடியறதுக்குள்ள வரலைன்னா என் இடம் வேற ஆளுக்குப் போயிரும்' என்று விடுதியிலிருந்து எழுதியிருந்தாள்.

பாவாத்தாள் தோட்டத்து வேலைக்குப் போகவில்லை. சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சத்துணவு மையத்திலிருந்து ஓர் இரும்பு நாற்காலியை இரவல் வாங்கிப் போட்டு, ஒரு பாட்டில் கலர் சோடாவைப் பானைத் தண்ணீரில் குளிர வைத்திருந்தாள். ஆபீசரின் ஜீப் எந்த நிமிஷமும் வந்துவிடும். அதற்குள் இந்த ஏட்டு கிளம்பியாக வேண்டும்.

"நான் எதுக்கு வந்தேன்னாங்கம்மா..."

"எதுக்கா இருந்தாலும் இல்லீங்க."

பக்கத்து வீட்டு மாசாணியம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள். "ஆரு, அன்புச்செல்வியா? அந்தப் புள்ளைய அப்பவே தாராபுரத்துல கட்டிக் குடுத்துட்டாங்களே."

"கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

"ரெண்டு வருசமாச்சுங்க. ஒரு கொழந்தகூட இருக்குது."

ஒரு நொடியில் பேரக்குழந்தை எடுத்துவிட்ட பாவாத்தாள் பல்லைக் கடித்தாள்.

தறிக்குடோனுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எதிர்வீட்டுப் பாக்கியராஜும் சைக்கிளை விட்டு இறங்கினான். "அவங்க குடும்பத்தோட அவிநாசிக்குக் குடி போயிட்டாங்க சார். இந்த ஊடு பூட்டியேதான் கெடக்குது."

"அப்ப இந்தம்மா ஆருங்க?"

பாக்கியராஜ் பாவாத்தாளை மேலும் கீழும் பார்த்தான். "இவங்களா? புதுசுங்க."

ஏட்டு தலையை ஆட்டிக்கொண்டே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். சுவரில் அன்புச்செல்வி கேடயத்தோடு சிரித்துக்கொண்டிருந்தாள். "அந்தப் போட்டோவுல இருக்கறது?"

"அது... காலண்டருங்க" என்றாள் பாவாத்தாள். "ஜவுளிக்கடையில குடுத்தாங்க."

"தேதியே காணோமுங்களே."

"போன வருசத்துதுங்க. தேதியெல்லாம் கிழிச்சுப்போட்டோம்."

ஏட்டு மீசையைத் தடவினார். "ஆக, ஒருத்தர் இல்லீங்கறீங்க, ஒருத்தர் கட்டிக் குடுத்தாச்சுங்கறீங்க. புள்ள ஏதோ தப்புத்தண்டா பண்ணிட்டு ஓடிப்போச்சாட்டம் இருக்குது."

மாசாணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "ஆரு ஓடினது? எம்பட பையன் கணக்குல பாஸானதே அவ ராவும் பகலும் சொல்லிக் குடுத்துத்தானுங்க. இந்த வீதிக்கு வர்ற மனு, லெட்டரு அத்தனையும் அவதான் எழுதுவா. அவளப் பத்தி ஒரு சொல்லுச் சொன்னீங்க..."

பாவாத்தாள் கிள்ளிய கிள்ளில் மாசாணியம்மாளின் பேச்சு பாதியில் நின்றது. ஏட்டு காகிதத்தைச் சைக்கிள் சீட்டின்மேல் வைத்து ஏதோ எழுதத் தொடங்கியிருந்தார்.

இனிமேல் மறைத்துப் பயனில்லை. பாவாத்தாள் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஏனுங்க, அவ எம்பட மகதானுங்க. எதுவா இருந்தாலும் நாளைக்கு நானே கூட்டிட்டு வாரேன். இப்பப் போயிருங்க. பாஸ்போர்ட்டுக்கு விசாரிக்க ஆபீசர் வர்ற நேரம். வாசல்ல காக்கிச் சட்டையப் பார்த்தா அவரு என்ன நெனப்பாரு?"

"அந்த ஆபீசரே நாந்தானுங்கம்மா."

ரேஷன் கார்டை எடுத்து வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஏட்டு போய் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தார். பாவாத்தாள் கலரைக் கொண்டுவந்து கொடுத்தாள். மகளின் ஹாலந்தை யாரும் தட்டிப் பறிக்கவில்லை. மூன்று வாயும் சேர்ந்து இங்கேயே தொலைத்துவிட்டன.

"என்னங்க எழுதினீங்க?" என்றாள்.

ஏட்டு வாசித்தார். "மேற்படி நபர் இந்த முகவரியில் வசிப்பவர். பலரிடம் விசாரித்ததில், இவரைப் பற்றி ஒருவர்கூட ஒரு குறையும் சொல்லவில்லை. வெளிநாடு செல்ல ஆட்சேபணை இல்லை."

பாக்கியராஜ் ஒரு விசில் அடித்துவிட்டான். மாசாணியம்மாள் சந்தோஷத்தில் அவன் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். பாவாத்தாளுக்கு மட்டும் நம்ப முடியவில்லை. "நாங்க அத்தனையும் பொய்யில்லீங்களா சொன்னோம்?"

ஏட்டு கலரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டினார்.

"நீங்க எவ்வளவோ பரவால்லீங்க, காலண்டருன்னு சொல்லி உட்டுட்டீங்க. எனக்குப் போலீஸ் வேலைக்கு விசாரிக்க வந்தன்னிக்கு, எங்கம்மா எம்பட போட்டோவுக்கு மாலையே போட்டு ஊதுபத்தியும் பத்த வெச்சுப்போட்டாங்க."