மேப் பொய் சொல்லாது

மேப் பொய் சொல்லாது என்பது அனுப்பிரியாவின் கட்சி. இதற்காகவே ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கு நிற்பாள். லொகேஷன் ஷேர் போட்டிருப்பதால், அவள் எங்கே போனாலும் அம்மாவின் போன் மேப்பில் நீலப் புள்ளியாகத் தெரிவாள்.

அன்றைக்கு போனை ஃபிரிட்ஜ் பக்கத்துச் சார்ஜரிலேயே விட்டுவிட்டு, குரோம்பேட்டையில் இருக்கும் காலேஜுக்குப் போய்விட்டாள். நாள் முழுக்கக் கை சுடிதார் பாக்கெட்டையே தடவிக்கொண்டிருந்தது. சாப்பாடு இறங்கவில்லை. கடைசி வகுப்பைக் கட் அடித்துவிட்டு ரயிலேறி, தாம்பரத்தில் இறங்கி வீட்டுக்கு ஓடிவந்தாள். போன் போட்ட இடத்திலேயே கிடந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சோஃபாவில் விழுந்தாள்.

"போன் இல்லாம பைத்தியமே புடிச்சிருச்சும்மா."

"இல்லாமலா? காலைலேர்ந்து நீ காலேஜ்லன்னுதானே காட்டுச்சு," என்று அம்மா தன் போனை நீட்டினாள்.

புள்ளி அப்போதுதான் காலேஜை விட்டுக் கிளம்பியிருந்தது. அனு போகாத கடைசி வகுப்பு முடிகிற நேரம் அது.

"ஏதோ தப்பாக் காட்டுது," என்றாள் அனு.

"தப்பாவே காட்டாதுன்னு நீதானேடி சொல்லுவ?"

இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். புள்ளி சானடோரியம் ஸ்டேஷனைத் தாண்டியது. தாம்பரத்தில் இறங்கி நடந்தது. அனு தினமும் நிற்கிற ஜூஸ் கடை முன்னால் கொஞ்சம் நின்றது. பிறகு தெருவுக்குள் திரும்பியது.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது.

"ஏன்டி இவ்ளோ லேட்டு?" என்று கேட்டுக்கொண்டே அம்மா கதவைத் திறக்கப் போனாள்.

அனு சோஃபாவில் ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.