ரேடியம் இறால்

"லைட்ட அணைச்சாச்சு மக்கா. இப்பப் பாரு!" என்றான் ஆல்டோ.

டார்ச் வெளிச்சத்தில் நன்றாகக் காட்டி எடுத்த ரப்பர் இறால், இருட்டில் பச்சைப்பசேலென்று மினுங்கியது. நூலைப் பிடித்து, ஐஸில் தோண்டிய குழிக்குள் மெல்ல இறக்கினான். காதை மூடிய தொப்பி, கையுறை, முழங்கால் வரை தடிக் கோட்டு. அப்படியும் பல் கிட்டித்தது. வாயைத் திறந்தால் புகை.

போன் திரையில் ஜெபசீலன் சிரித்தான். சவுதி தம்மாமில் அவனுக்கு வெள்ளிக்கிழமை லீவு. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு, ரூமில் பனியனோடு கட்டிலில் சாய்ந்திருந்தான். மேல்கட்டில் காலியாகத் தெரிந்தது. அது ஆல்டோ படுத்த கட்டில்.

"எடே, ஏப்ரல் வந்தாச்சு. கனடாவுல ஏரி இன்னும் உருகலியா?"

"இது வடக்கு மக்கா. மே மாசம் ஆவும்."

"அது நம்ம பழைய இறாலுதானே?"

"பின்ன?"

அதேதான். இருவருக்கும் ஒரே ஊர், ஒரே கேம்ப், ஒரே ரூம். வியாழக்கிழமை டூட்டி முடிந்தால், யல்லா என்று தூண்டிலைத் தூக்கிக்கொண்டு கார்னிஷ் கடற்கரைப் பாறைக்கு ஓடுவார்கள். ஆளுக்கொரு ரேடியம் இறால் வாங்கினார்கள். முதல் நாளே ஜெபசீலனுடையதைப் பாறை பிடுங்கிக்கொண்டது. அப்புறம் ஒரே இறால், முறை வைத்துச் சண்டை. பிடித்த மீனைத் தேங்காய் அரைத்துக் குழம்பு வைத்தால், முதலில் மூக்கைப் பொத்துகிற பக்கத்து ரூம் பாகிஸ்தான் பாயே தட்டோடு வந்து நிற்பார். என்ன காலம் அது! போன வருஷம் கனடா விசா என்று ஆல்டோ கிளம்பியபோது, ஏர்போர்ட்டில் ஜெபசீலன் சின்னப்பிள்ளை மாதிரி அழுதான்.

"அடிச்சாம் பாரு!" ஆல்டோ நூலைச் சுண்டி இழுத்தான். டார்ச் வெளிச்சத்தில், ஒரு சாண் நீளத்தில், பச்சை முதுகோடு மீன் மேலே வந்தது.

"துள்ளவே இல்லியே?"

"வெளிய வந்ததும் விறைச்சிரும். அவ்வளவு குளிரு."

"இந்த வாரம் என்ன மீனு?"

"அதே ட்ரவுட்டுதான்."

ஜெபசீலன் கொஞ்ச நேரம் மீனையே பார்த்தான். "கொள்ளாம், நல்ல மீனு" என்றான். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"மக்கா, நானும் அங்க வாறேன்."

"எங்க?"

"கனடாவுக்குத்தான். ஒன்ன அனுப்பின அதே ஏஜெண்டுகிட்ட பேசியாச்சு. நாளைக்குக் காலையில மொதலாளி கஃபீலுகிட்ட எக்சிட் கேக்கப் போறேன். வேலையை விட்டுட்டுப் பாஸ்போர்ட்ட ஏஜெண்டு கையில குடுக்க வேண்டியதுதான்."

ஆல்டோவின் கையிலிருந்து மீன் நழுவி விழுந்தது.

"வேண்டாம்லே! குளிரு தாங்க மாட்ட."

"நீ தாங்கலியா?"

"வேல கஷ்டம்."

"இங்க மட்டும் மெத்தையில படுக்க வச்சா சம்பளம் தாறானுவ?"

"ஜெபா, சொன்னா கேளு. அந்த ஏஜெண்டு..."

"அவனுக்கு என்ன? ஒன்ன ஏத்தி விட்டாம்லா?"

ஆல்டோ குனிந்து, விழுந்த மீனை எடுத்தான்.

"புரிஞ்சிட்டு. ஏறினதும் ஏணிய எட்டி உதைக்க, என்ன? கலாஸ், எல்லாம் முடிஞ்சிது. இனிமே எனக்குப் போன் பண்ணாத."

ஆல்டோ போனைத் தாவி எடுத்தான். வெள்ளிக்கிழமை இந்த முகத்தைப் பார்க்கலாம் என்றுதானே மற்ற நாளெல்லாம் எப்படியோ ஓடுகிறது! உண்மையைச் சொன்னால் இனி இந்த முகத்தில் எப்படி விழிப்பது? சொல்லாவிட்டாலோ, நாளைக்கு இவன் நடுத்தெருவில் நிற்பான். மானமாவது, மண்ணாங்கட்டியாவது!

"கட் பண்ணாத! ஒரு நிமிசம் நில்லுலே!"

எழுந்து போய்க் கனத்த இரும்புக் கதவைத் தோளால் தள்ளித் திறந்தான். பளாரென்று வெயில் அறைந்தது. தொப்பியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் போனைத் திருப்பிப் பிடித்தான். பேரீச்ச மரங்கள், அரபியில் நம்பர் எழுதிய லாரிகள், சுவர் நெடுக அடுக்கிய தெர்மோகோல் மீன் பெட்டிகள்.

"ஜுபைல்லதாம்லே இருக்கேன், ஒனக்கு ஒரு மணி நேரப் பாதையில. அந்த ஏஜெண்டு பம்பாயிலயே கம்பி நீட்டிட்டான். கனடா மண்ண நான் கண்ணால பாத்ததில்ல. ஊருக்குப் போக வெக்கப்பட்டு, வேற கஃபீலுகிட்ட வந்து, இந்தக் கோல்ட் ஸ்டோர்ல மீன் பெட்டிக்குள்ள குழி தோண்டி ஒனக்குப் படம் காட்டிட்டிருக்கேன். காறித் துப்பு, வாங்கிக்கிடுதேன். எக்சிட் மட்டும் கேட்டுராத!"

சொல்லி முடிப்பதற்குள் அழுதே விட்டான்.

ஜெபசீலன் திட்டவில்லை. திடுக்கிடவும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அப்பாடா, இப்பவாவது கதவைத் தொறந்தியே! நான் எந்த ஏஜெண்டுகிட்டயும் பேசல, நீ லொகேஷன அனுப்பு, இப்பவே வாறேன். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும் மக்கா... கடல்ல கெடக்குற அயிலையை வாராவாரம் ஏரியில பிடிச்சவன் உலகத்துலயே நீ ஒருத்தன்தாம்லே!"