இரண்டு சுவிட்ச் நடுகல்

குன்றின் மேலிருந்த நடுகல்லுக்கு இரண்டு நாடுகள் சொந்தம் கொண்டாடின. அதனால் அதற்கு இரண்டு சுவிட்சுகள். மேற்கிலிருந்து பஸ் வந்தால் காவலாளி பொன்னரசி பச்சையைத் தட்டுவாள். எல்லைச் சண்டையில் செத்தவர்கள் என்று கல்லில் செதுக்கிய நாற்பத்தொரு பெயர்களுக்கும் முன்னால் 'வீரர்' என்று ஒளிரும். கிழக்கிலிருந்து வந்தால் சிவப்பு. அத்தனை பேரும் 'துரோகி' ஆகிவிடுவார்கள். ஏழாவது பெயர் அவளுடைய அண்ணன் மாசிலாமணி. சண்டையன்று அந்த மனுஷன் டீ விற்கப் போயிருந்தார், அவ்வளவுதான்.

இன்று இரண்டு பஸ்களும் ஒன்றாக வந்து தொலைந்தன. பதற்றத்தில் இரண்டு சுவிட்சையும் சேர்த்து அமுக்கிவிட்டாள். பட்டென்று ஃபியூஸ் போனது. வெறும் பெயர்கள் மிஞ்சின.

கிழக்குக்காரர் ஒருவர் குனிந்து படித்தார். "மாசிலாமணியா? எல்லையில டீக்கடை வச்சிருந்தாரே, அவரா?"

"அவரேதாங்க. இஞ்சி கொஞ்சம் தூக்கலா போடுவாரு," என்றார் பக்கத்தில் நின்ற மேற்குக்காரர்.

"கொஞ்சமா? தொண்டையே எரியும்!"

இருவரும் சிரித்தார்கள்.

அதற்குள் இரண்டு நாட்டு அதிகாரிகளும் மாறி மாறிப் போனில் கத்தினார்கள். "எப்பம்மா சரியாகும்?"

"புது ஃபியூஸ் வர ஒரு மாசம் ஆகும் சார்," என்றாள் பொன்னரசி, பெட்டியிலிருந்த புது ஃபியூஸை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டே.